பிப்ரவரி முப்பத்தொன்று

சிறைச்சாலையின் ஆவண அறையில் என் மேசைக்கு எதிர் மேசை அவருடையது. எல்லாரும் அவரைக் காலண்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கண்காணிப்பாளர்கூடக் கோபமாக இல்லாத நாட்களில் அப்படித்தான் கூப்பிடுவார்.

அவர் வேலை ஒன்றே ஒன்று. நீதிமன்றத்திலிருந்து தண்டனைத் தாள் வரும். இன்ன தேதியிலிருந்து இத்தனை மாதம் என்று அதில் இருக்கும். அந்தத் தேதியை அத்தனை மாதம் தள்ளிப் போட்டு, ஆள் வெளியே போகும் நாளைப் பெரிய பதிவேட்டில் எழுத வேண்டும். ஏற்கெனவே காவலில் இருந்த காலத்தைக் கழிப்பதும் அவர் பொறுப்பு. இதற்கு அவருக்குக் காகிதம் வேண்டாம். இடது கை முஷ்டியை மடக்கி, முட்டிகளையும் இடுக்குகளையும் வலது ஆள்காட்டி விரலால் தொட்டுக்கொண்டே போவார். முட்டி என்றால் முப்பத்தொன்று, இடுக்கு என்றால் முப்பது. பிப்ரவரியின் இடுக்கு வரும்போது மட்டும் விரல் கொஞ்சம் நிற்கும்.

ஒருமுறை வார்டர் ஒருவர் வம்புக்கு, "அக்கா, எனக்குக் கல்யாணமாகி எத்தனை மாசம் ஆச்சு, சொல்லுங்க பாக்கலாம்" என்று தேதியைச் சொன்னார்.

"நூத்திப் பதினாலு மாசம். உங்க வீட்டம்மாவக் கேட்டா நூத்திப் பதினாலு வருஷம்பாங்க."

அறையே சிரித்தது. அப்படித்தான் இருந்தார் அவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. தங்கை வீட்டு மாடியில் ஓர் அறை, தங்கை பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம், காலை எட்டரைக்குப் பேருந்து. பதினோரு வருடங்களில் அவர் கணக்கைத் தப்பு என்று ஒருவரும் சொன்னதில்லை.

அந்த ஆண்டு ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி லாரி ஓட்டுநர் ஒருவர் வந்தார். கவனக்குறைவாக ஓட்டி ஒருவர் காலை முறித்துவிட்டார் என்று வழக்கு. ஆறு மாதத் தண்டனை. ஆகஸ்ட் முப்பத்தொன்றிலிருந்து ஆறு மாதம் தள்ளினால் பிப்ரவரி முப்பத்தொன்று. அப்படி ஒரு நாள் எந்த வருடத்திலும் கிடையாது. அக்காவுக்கு முன்னால் அந்த இருக்கையில் இருந்தவர் ஒரு வழி வைத்திருந்தார்: இல்லாத நாட்களை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட வேண்டும். பிப்ரவரிக்கு இருபத்தெட்டு, மிச்சம் மூன்று. ஆக மார்ச் மூன்று. அக்காவும் மார்ச் மூன்று என்று எழுதினார். யோசிக்கக்கூட இல்லை.

பிப்ரவரி இருபதாம் தேதி வாக்கில் ஓட்டுநரின் மனைவி கவுண்டருக்கு வந்தார். கையில் ஆஸ்பத்திரிப் பை. அதிலிருந்து எக்ஸ்ரே உறை நீட்டிக்கொண்டிருந்தது. தேதியைக் கேட்டார். அக்கா பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார்.

"மார்ச் மூணா? பிப்ரவரி கடைசின்னுல்ல மேடம் அவர் சொன்னாரு? புள்ளைகிட்டயும் அப்படித்தான் சொல்லிருக்கேன்."

"பிப்ரவரியில முப்பத்தொண்ணு கெடையாதேம்மா. அந்த மூணு நாள் மார்ச்சுல வரும்."

"இல்லாத நாளுக்கு அவர் எதுக்கு மேடம் உள்ள இருக்கணும்?"

அக்கா நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. "மூணு நாள்தானேம்மா" என்றார்.

அந்தப் பெண் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "பொண்ணுக்கு ஏழு வயசு. நெஞ்சுல நீர் கோத்துக்கிட்டு ரெண்டு வாரமா படுத்திருக்கா. அப்பா என்னைக்கு வருவாருன்னு தெனம் கேக்கறா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அக்கா அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. குழந்தையைப் பார்த்து வர விசேஷ அனுமதிக்கு மனு எழுதுவது எப்படி என்று தானே தாளில் எழுதி, வார்டர் மூலம் ஓட்டுநருக்கு அனுப்பினார். மனுவும் போனது. பத்து நாளில் வெளியே வரப்போகிறவனுக்குத் தனி அனுமதி எதற்கு என்று அது மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருந்தது.

மார்ச் ஒன்றாம் தேதி மாலை நாலு மணிக்குக் குழந்தை இறந்துவிட்டது. இரண்டாம் தேதி காலையில் அடக்கம். செய்தி சிறைக்கு வந்துசேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மூன்றாம் தேதி காலை ஓட்டுநர் கையெழுத்துப் போட எங்கள் அறைக்கு வந்தார். சட்டை கசங்காமல் மடிப்போடு இருந்தது. உள்ளே வந்த நாளில் கழற்றி வைத்த சட்டை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"நீங்கதான் தேதி கணக்குப் போட்டீங்களா மேடம்?"

"ஆமாப்பா."

"சரியாத்தான் போட்டிருப்பீங்க" என்றார். கையெழுத்துப் போட்டார். வாசலில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

அவர் அங்கேயே நாலு வார்த்தை திட்டியிருந்தால் அக்கா தாங்கியிருப்பார். அந்த 'சரியாத்தான்' அவரைக் குடைந்தது. அன்றே அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய விதிப் புத்தகத்தை இழுத்தார். அட்டை இல்லாத, கரையான் தின்ற புத்தகம். பதினோரு வருடமாக யாரும் அதைத் தொட்டதில்லை. மூன்றாவது நாள் என்னைக் கூப்பிட்டு ஒரு வரியைக் காட்டினார். மாதக் கணக்கில் தள்ளும்போது அந்தத் தேதி அந்த மாதத்தில் இல்லையென்றால், மாதத்தின் கடைசி நாளே முடிவு நாள் என்று இருந்தது. அவ்வளவுதான்.

"அப்ப இருபத்தெட்டாம் தேதியே..." என்றேன்.

"இருபத்தெட்டு காலைல. ஒண்ணரை நாள் அந்தப் புள்ளகூட இருந்திருப்பாரு" என்றார். அப்புறம் முகத்தைப் புத்தகத்தின் மேலேயே கவிழ்த்துக்கொண்டார். நான் போய்க் கதவைச் சாத்தினேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

அடுத்த ஏழு வாரம் மதிய இடைவேளைகளில் அவர் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். மாதக் கடைசியில் தண்டனை தொடங்கியவர்களை மட்டும் தனியே எழுதினார். நாற்பத்தொரு பேர். சிலருக்கு ஒரு நாள், சிலருக்கு இரண்டு, ஆறு பேருக்கு மூன்று. கூட்டினால் அறுபத்தேழு நாள். பட்டியலைக் கண்காணிப்பாளரிடம் கொண்டுபோனார்.

"யாராவது புகார் கொடுத்தாங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம் நீங்களே ஏன் தலையில மண்ண வாரிப் போட்டுக்கறீங்க?"

"நான் போட்ட கணக்கு சார்."

கண்காணிப்பாளர் பட்டியலை இழுப்பறைக்குள் வைத்தார். அக்கா அதன் நகலை மேலிடத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார்.

அதற்குப் பிறகு அவர் செய்த காரியத்தை நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநர் வீட்டுக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். ஒரே அறை. சுவரில் குழந்தை பென்சிலால் கிறுக்கியிருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்துக்கு வெள்ளையடித்திருந்தார்கள். ஓட்டுநர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், விதியை, தேதியை, தன் தப்பை.

ஓட்டுநர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவிதான் பேசினார். குரல் உயரவில்லை.

"இத ஏம்மா வந்து சொன்னீங்க? சட்டம் அப்படி, நம்ம தலையெழுத்துன்னு நெனச்சு மனசத் தேத்திக்கிட்டு இருந்தோம். இப்ப அதுவும் இல்லன்னு ஆக்கிட்டீங்க. இனிமே நான் எத நெனச்சுத் தூங்கறது?"

"மன்னிச்சிடும்மா."

"அதெல்லாம் எனக்கு வராது. போயிட்டு வாங்க."

திரும்பும் வழியில், அந்தப் பெண் சொன்னதில் தப்பில்லை என்று எனக்குத் தோன்றியது. சொல்லாமல் இருந்திருந்தால் அக்காவால் இருந்திருக்க முடியாது என்றும் தோன்றியது. இரண்டும் உண்மை, ஒன்றை ஒன்று ஆற்றவில்லை.

விசாரணை வந்தது. பாதிக்கப்பட்டவர் ஒருவராவது வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்றார்கள். நாற்பத்தொரு பேருக்கும் கடிதம் போனது. பாதி திரும்பி வந்தது. மீதிப் பேர் அந்த வாசலை மறுபடி மிதிக்கத் தயாராக இல்லை. வந்தது அந்தப் பெண் ஒருவர்தான். அதிகாரி முன்னால் உட்கார்ந்து, தான் கவுண்டரில் கேட்டதையும் அக்கா சொன்ன பதிலையும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். வெளியே வந்ததும் அக்கா எழுந்து நின்றார்.

"உங்களுக்காக வரல. இன்னொரு புள்ள காத்துக்கிட்டு இருக்கக் கூடாதுன்னு வந்தேன்" என்றார் அந்தப் பெண்.

ஐந்து மாதம் கழித்துச் சுற்றறிக்கை வந்தது. இனி எல்லாச் சிறைகளிலும், இல்லாத தேதி வந்தால் மாதக் கடைசி நாளிலேயே விடுவிக்க வேண்டும். அக்காவுக்கு எழுத்து மூலம் கண்டனம், கிடங்குக்கு மாற்றல். அவர் இருக்கை எனக்கு வந்தது. ஓய்வு பெறும்வரை அவர் போர்வையும் தட்டும் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் தேதி கேட்கவில்லை. கேட்டாலும், "அங்க போய்க் கேளுங்க" என்று என் அறையைக் காட்டுவார்.

விசாரணை நாள் மாலையில் நடந்ததை மட்டும் நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நிறுத்தத்தில் அக்காவும் அந்தப் பெண்ணும் ஒரே பேருந்துக்குக் காத்திருந்தார்கள். நடுவில் இரண்டு ஆள் நிற்கும் இடம். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பேருந்து வந்தது. அந்தப் பெண் ஏறினார். அக்கா படி வரைக்கும் போய், கம்பியைப் பிடிக்காமல் பின்வாங்கி, பேருந்தைப் போகவிட்டார். அடுத்த பேருந்து முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தது. அதுவரைக்கும் நின்றுகொண்டே இருந்தார்.