நாங்கள் சொன்ன ‘ஆகட்டுங்க’

எங்கள் ஊர் அரசு தொடக்கப் பள்ளியில் இரண்டு அறைகள், இரண்டு டீச்சர்கள், பதினான்கு பிள்ளைகள். மதியச் சாப்பாடு சமைப்பது நான். என் கடைசி மகள் அங்கே மூன்றாம் வகுப்பு. தலைமை டீச்சர் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் மலையேறி வருவார். பஸ் தாமதமானால் சின்னப் பிள்ளைகள் சமையலறை வாசலில் உட்கார்ந்து, நான் ஊறப்போட எடுத்த கொண்டைக்கடலையை வைத்துக் கூட்டல் போடுவார்கள். பெரியவர்களிடம் பேசத்தான் எனக்கு வராது, பிள்ளைகளிடம் வரும்.

மிளகு பறித்து முடிந்த சமயம், கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பிள்ளைகள் குறைந்துவிட்டதால் இந்தப் பள்ளியை மூடி, ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியோடு சேர்க்கலாம் என்று பெற்றோரிடம் பொறுமையாக விளக்கினார். மழைக்காலத்தில் அந்த ஓடையைப் பெரியவர்களே கைகோத்துத்தான் தாண்டுவோம். ஆனாலும் அவர் சொல்லச் சொல்ல எல்லோரும் “ஆகட்டுங்க, ஆகட்டுங்க” என்றோம். சமையலறையிலிருந்து வந்து நின்ற நானும் சொன்னேன்.

“அப்ப பெற்றோர் சம்மதம்னு எழுதிக்கறேன்” என்று நோட்டைத் திறந்து எழுதினார்.

எங்கள் பக்கத்தில், வந்தவர் பேசும்போது ‘ஆகட்டுங்க’ என்றால் நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மாட்டோம். அது அவருக்குத் தெரியாது. தலைமை டீச்சருக்குத் தெரியும். மேலதிகாரியை அவர் எப்படி மறுத்துப் பேசுவார்?

என் நாத்தனார் முழங்கையால் இடித்தாள். “ஏனுங்க அண்ணி, பிள்ளைங்ககிட்ட மட்டும் அந்தச் சத்தம் போடறீங்க. இப்ப வாயில கொழுக்கட்டையா?”

“ஐயா, அது சம்மதம் இல்லீங்க” என்றேன். கையில் கரண்டி இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

“எல்லாரும் ஆகட்டும்னீங்களேம்மா?”

“கேட்டுக்கறோம்னு சொன்னோமுங்க. மழையில அந்த ஓடையில கொழந்தைங்கள எறக்க மாட்டோமுங்க. இதை மூடுனா எம்புள்ள ஊட்டுலதாங்க இருக்கும்.”

அவர் ஓடையைக் காட்டச் சொன்னார். தண்ணீர் கணுக்கால் அளவுதான் ஓடியது. ஆனால் போன மழை வெள்ளத்தில் அடித்து வந்த சருகும் ஒரு கிழிந்த துணியும், கரை மரத்தில் அவர் தோளுயரத்துக்குச் சிக்கிக் கிடந்தன. அதைத் தொட்டுப் பார்த்தார். எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

“மூட வேண்டாம்னு எழுதி அனுப்பறேன். ஆனா நீங்க ஒண்ணாம் வகுப்புக்குப் பிள்ளைங்களச் சேர்க்கணும்.”

“ஆகட்டுங்க” என்றோம்.

ஜீப்பில் கால் வைத்தவர் திரும்பினார். “இது எந்த ஆகட்டுங்க?”

நாத்தனார்தான் முதலில் சிரித்தாள். “இது சம்மதமுங்க.”

இந்த வருடம் பள்ளியை மூடவில்லை. ஜூனில் மூன்று பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தார்கள். அதில் ஒன்று நாத்தனார் மகள். அதுவரை மகளை வேனில் தனியார் பள்ளிக்கு அனுப்பப்போவதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.