அறுபத்திரண்டு கிராம்

என் நாத்தனாரைக் காகித ஆலையில் எல்லோரும் 'கிராம் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். கிண்டல்தான். பதினோரு வருடமாகத் தற்காலிக வேலை. காகிதத்தை வெட்டி எடைபோட்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது. அதே ஆலையில் கட்டுக் கட்டும் பிரிவில் இருக்கும் எனக்கு அந்தப் பட்டப்பெயரைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். அவளோ சாவகாசமாகத் திரும்பி, என்னப்பா என்பாள்.

வேலை என்னவோ எளிதுதான். உருளையிலிருந்து பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் துண்டு வெட்டி, கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் சின்னத் தராசில் வைக்க வேண்டும். ஒரு சதுர மீட்டரில் இப்படி நூறு துண்டு அடங்கும். அதனால் வந்த எடையை நூறால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். பள்ளி நோட்டுக்கு எழுபது வேண்டும். அன்று துண்டு காட்டியது பாயிண்ட் ஆறு இரண்டு கிராம். அதாவது அறுபத்திரண்டு. எட்டு இடத்தில் வெட்டிப் பார்த்தாள், தராசு மசியவில்லை.

மேலாளர் தடிமன் அளக்கும் கருவியோடு வந்தார். நூறு மைக்ரான், கச்சிதம். தொட்டால் தடிப்பாகத்தானே இருக்கிறது, அப்புறம் என்ன என்றார்.

"தடிப்பு இருக்கு சார், சரக்கு இல்ல. காகிதக் கூழைக் குறைச்சு, சரியா அழுத்தாம விட்டிருக்காங்க. உள்ள காத்துதான் நிக்குது. எடையைத் தடிமனால வகுத்துப் பாருங்க. அடர்த்தி பாயிண்ட் ஏழு வரணும், பாயிண்ட் ஆறு ரெண்டுதான் வருது. பிள்ளைங்க எழுதினா மை மறுபக்கம் ஊறும்."

மேலாளர் குரலைத் தணித்துக்கொண்டார். நிரந்தரப் பட்டியலில் அவளைச் சேர்க்கப் போகிறார்களாம். சீட்டில் எழுபது என்று எழுதினால் இந்த வாரமே உத்தரவு கைக்கு வருமாம். காலை வரை யோசிக்கச் சொன்னார்.

சாயங்காலம் வீட்டில் நான்தான் அவளைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு அறையில் ஐந்து பேர், முழங்கால் தேய்ந்துபோன உன் அண்ணன் இன்னும் எத்தனை நாள் வேலைக்குப் போவார், ஒரு எண்தானே, எழுதித் தொலை என்றேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"எண்ணு தராசோடது அண்ணி. கையெழுத்து என்னோடதாச்சே."

பிழைக்கத் தெரியாதவள் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை, ஏதோ சாக்குச் சொல்லிச் சோதனை அறைப் பக்கம் போனேன். மேலாளர், அவருடைய உதவியாளர், இயந்திரப் பிரிவுத் தலைவர், விற்பனை அதிகாரி என்று நாலு பேர் அவளைச் சூழ்ந்து நின்றார்கள். அவள் வெற்றுச் சீட்டு ஒன்றை மேஜையில் வைத்து, அதன்மேல் பேனாவையும் வைத்தாள்.

"நான் எழுதினா அறுபத்திரண்டுதான் எழுதுவேன். எழுபதுன்னு சொல்றவங்க நீங்களே எழுதி, கீழ உங்க பேரைப் போடுங்க."

மேலாளர் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் இயந்திரப் பிரிவுத் தலைவரைப் பார்த்தார். அவர் கையெல்லாம் கிரீஸ் என்றார். விற்பனை அதிகாரிக்குப் போன் வந்துவிட்டது; மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை. பேனாவை ஒருவரும் தொடவில்லை. அவளே அதை எடுத்து, அறுபத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அந்தச் சரக்கு திரும்பவும் கூழாகப் போனது. உத்தரவு வரவில்லை, பன்னிரண்டாவது வருடமும் அவள் தற்காலிகம்தான். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆனால் அவள்மேல் இல்லை. நாலு நிரந்தர அதிகாரிகள் நின்ற அறையில், சொன்னதற்குக் கீழே பெயரைப் போடத் துணிந்தவள் அந்தத் தற்காலிகக்காரி ஒருத்திதான்.