லிஃப்ட் வேண்டாத மெத்தைக்கடை பாய்

தொப்... தொப்... தொப்...

நடு அறையிலிருந்து வந்த அந்த ஓசை, சமையலறையில் ரவை வறுத்துக்கொண்டிருந்த அலிமாவின் நெஞ்சில் இடியாக இறங்கியது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். அங்கே அவள் கண்ட காட்சி எந்த மனைவியும் காணக்கூடாதது. கடையில் விலைபோகாத டபுள் மெத்தை ஒன்று தரையில் விரிந்து கிடந்தது. அதன்மேல் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தார் அவள் கணவர் அப்துல் ஜப்பார்.

"இன்னாங்க இது, காலங்காத்தால மெத்தைல குதிச்சிக்கினு?"

"குதிக்கல. ஓடிக்கினுகீறேன்."

"ரோடு இன்னாத்துக்கு கீது?"

"ரோட்டுல எங்க ஓட வுட்றானுங்க?" என்றார் ஜப்பார். குரல் உடைந்தது. ஒரு மாதத்துக் கண்ணீர் அதில் தேங்கியிருந்தது.

உத்திரமேரூர் பஜார் தெருவில் ஜப்பாரின் மெத்தைக்கடையைத் தெரியாதவர் இல்லை. முப்பது வருடமாக அங்கே ஒரே மெத்தையின்மேல் உட்கார்ந்து வியாபாரம் செய்தவர் அவர். மெத்தையில் இன்றுவரை குழி விழவில்லை. அவருக்குத்தான் தொப்பை விழுந்தது. போன மாதம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்ன வார்த்தை அவர் தலையில் பாறாங்கல்லாய் விழுந்தது. மூன்று மாதச் சர்க்கரை சராசரி பத்து; ஏழுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது. மாத்திரையோடு கொஞ்சம் ஓடவும் வேண்டும். அடுத்த மூன்று மாதத்தில் இறங்காவிட்டால், தினமும் இன்சுலின் ஊசி.

ஊசி! ஒரு சாண் நீள மெத்தை ஊசியைத் தினமும் கையாளும் அந்த மாவீரர், அரை அங்குல ஊசியைக் கண்டால் மயங்கி விழுந்துவிடுவார். அலிமாதான் தினமும் போட வேண்டியிருக்கும் என்று தெரிந்ததும், கணவனுக்கு முன்னால் அவள் மயங்கினாள்.

ஓடும் முறையை நர்ஸ் தேவயானி பொறுமையாகச் சொல்லித்தான் அனுப்பினாள். "ஈசிஜி நல்லா கீது, பயப்படாதீங்க பாய். ஒரு நிமிஷம் மெதுவா ஓடுங்க, ரெண்டு நிமிஷம் நடங்க. வாரத்துக்கு மூணு நாள் போதும். ஓடும்போது பேச முடியணும். பேச முடியலன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். நெஞ்சு வலிச்சா உடனே நின்னுடணும். சர்க்கரை திடீர்னு ரொம்ப எறங்கிட்டா வாய்ல போட்டுக்க, பாக்கெட்ல ரெண்டு மிட்டாய் வச்சிக்குங்க."

எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, மறுநாள் ரப்பர் செருப்போடு கடைசி பஸ்ஸைப் பிடிப்பவர் போல ஓடினார். முழங்கால் பூசணிக்காயாய் வீங்கி ஒரு வாரம் படுக்கை. அப்புறம்தான் ஷூ வாங்கினார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று ஒழுங்காகத் திருப்புலிவனம் ரோட்டில் இறங்கினார்.

விதி அங்கே டூவீலரில் காத்திருந்தது.

தெரிந்த மனிதர் நடந்துபோவதைப் பார்த்தும் வண்டியை நிறுத்தாமல் போகிறவன் அந்த ஊரில் மனிதனே இல்லை. "இன்னா பாய், வண்டி ரிப்பேரா? ஏறுங்க!" பால்காரர் நிறுத்தினார். ஸ்கூல் வேன் நின்றது. ஒருநாள் வைக்கோல் டிராக்டரே நின்றது. அன்போடு நிறுத்துகிறவரிடம், எங்கேயும் போகாமல் சும்மா ஓடுகிறேன் என்று எப்படிச் சொல்வது? வீட்டிலிருந்து ஓடிப் புறப்படுவார். திருப்புலிவனத்தில் பைக்கில் போய் இறங்குவார். ஏற்றி வந்தவர் வாங்கித் தரும் டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. திரும்பி வர ஷேர் ஆட்டோ. ஒரு மாதமாகியும் ஷூவின் அடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டு கிழியவில்லை.

கடைசியில், நேற்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒரே ஒரு வண்டியை வேண்டாமென்றார். அது இருபது வருட நண்பன், சென்ட்ரிங் மேஸ்திரி இருசப்பனின் வண்டி. போன வாரம்தான் வாங்கியது. அதனால்தான் இன்று மெத்தைமேல் ஓட்டம்.

கதவு தட்டப்பட்டது. வாசலில் இருசப்பன். இரவெல்லாம் தூங்காத கண்கள்.

"பாயம்மா, அவர வரச்சொல்லு. இருவது வருசமா கூலிக்குப் போயி வாங்குன வண்டி. மொத மொதல்ல பின்னால பாய்தான் குந்தணும்னு பொண்டாட்டியக்கூட ஏத்தல. வேணாம் போன்னுட்டாரே! நான் இன்னா தப்பு பண்ணேன்?"

ஜப்பார் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். ஊசி, சர்க்கரை, டிராக்டர் எல்லாவற்றையும் சொல்லி அழுதார். இருசப்பனும் அழுதான். உள்ளே ரவை கருகியது.

"இத நேத்தே சொல்லக்கூடாதா? சரி, நீங்க ஓடுங்க. நான் வண்டில கூடவே வர்றேன். கால் நொந்தா ஏறிக்குங்க" என்றான்.

அவன் பிடிவாதத்தில் சொன்னதுதான். ஆனால் மறுநாள் அதிசயம் நடந்தது. பாய் பக்கத்திலேயே ஒரு வண்டி போவதைப் பார்த்த ஊர், நிம்மதியாகக் கடந்துபோனது. ஒருவரும் நிறுத்தவில்லை. இருசப்பன் செல்போனில் நிமிடம் பார்த்தான். ஊர்க்கதை பேசிக்கொண்டே வந்தான். ஜப்பாரிடமிருந்து பதில் வராவிட்டால், "மூச்சு வாங்குது, நடங்க" என்பான். இரண்டு மாதத்தில் ஜப்பார் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஓடினார். விலைச்சீட்டு போன இடம் தெரியவில்லை.

மூன்று மாதக் கெடு முடிந்த சனிக்கிழமை, புது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு தேவயானியே வீட்டுக்கு வந்தாள். அலிமா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருசப்பன் அவள் சுட்ட பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்காமல் காத்திருந்தான்.

"ஏழரை. ஊசி வேணாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ஓட்டத்த மட்டும் வுட்றாதீங்க."

அலிமா விம்மினாள். ஜப்பார் நண்பனைக் கட்டிக்கொண்டார்.

"மேஸ்திரி, சுகர் பாக்குற மிஷின் கையில கீது. ஒன் வெரலையும் காட்டு" என்றாள் தேவயானி.

"எனக்கின்னா? வாரம் மூணு நாள் காலைல பாய் கூட எக்சைஸ் பண்ணிக்கினுதான கீறேன்."

மிஷின் முந்நூற்றுப் பத்து காட்டியது.

"வண்டில குந்திக்கினு வந்தா ஒனக்கு எப்பிடிய்யா எறங்கும்? திங்கக்கிழமை வெறும் வயித்தோட ஆஸ்பத்திரிக்கு வா. டாக்டரம்மா பாக்கட்டும். அதுவரைக்கும் மெதுவா நட." பஜ்ஜியை அவன் கையிலிருந்து வாங்கித் தட்டில் வைத்துவிட்டுப் போனாள் அவள்.

இருசப்பன் எழுந்து, வண்டிச் சாவியை டிவிமேல் வைத்தான்.

"வண்டி இங்கியே இருக்கட்டும் பாய். நான் நடந்தே வூட்டுக்குப் போறேன்."

"இரு இருசப்பா, நான் கொண்டாந்து வுட்டுட்றேன்" என்று பழக்கதோஷத்தில் சாவியை எடுத்தார் ஜப்பார்.

இருசப்பன் அவரை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வையில் ஜப்பாரின் கை தானாகச் சாவியைக் கீழே வைத்தது. அவன் தெருவில் இறங்கி நடந்தான். பத்தடி போயிருப்பான். பின்னால் வந்த பைக்கின் பிரேக் சத்தம்.

"இன்னா மேஸ்திரி, புது வண்டி ரிப்பேரா? ஏறு, ஏறு!"

பதறிப்போய் வாசலுக்குப் பாய்ந்தார் ஜப்பார். அலிமா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வுடுங்க. வேணாம்னு அவரே சொல்லிப் பழகட்டும்."

கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.