அனுப்புநர்: வளர்மதி

செய்தி எங்கள் அலுவலக அரட்டைக் குழுவில்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, புதுச்சேரியில் சாரம் பகுதியில் என் அறைக்குக் கீழே இருக்கும் கடையில் இட்லிக்குக் காத்துக்கொண்டிருந்தேன். தலைவலி என்று வெள்ளிக்கிழமை மதியம் வீட்டுக்குப் போன வளர்மதி அக்கா, விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்று எங்கள் மேலாளர் தாஸ் சார் எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஒவ்வொருவராக எழுதத் தொடங்கினார்கள். நம்ப முடியவில்லை என்றார்கள், அவர் செய்து கொடுத்த உதவியைச் சொன்னார்கள். நான் அழவில்லை. எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்று கீழே கீழே தள்ளிப் பார்த்தேன். நான் போனால் இவ்வளவு பேர் எழுதுவார்களா என்று யோசித்தேன். இதை மறைத்துவிட்டு அவருக்கு அஞ்சலி எழுத எனக்கு மனம் வரவில்லை.

அவரை அறிந்த உங்களுக்கு எங்கள் அலுவலகம் தெரியும். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரிக் குடும்பங்களுக்கு வேண்டிய காகிதங்களை மொழிபெயர்த்து, சரிபார்த்து, பிரான்சுக்கு அனுப்பி வைப்பது எங்கள் வேலை. யாருடைய காகிதம் யார் மேசையில் இருக்கிறது, எது என்றைக்குப் போக வேண்டும் என்பதையெல்லாம் அலுவலகத்துக்குள் மட்டும் பயன்படும் ஓர் இணைய உள்தளத்தில் வைத்திருக்கிறோம். அந்தத் தளத்தைக் கட்டியவர் வளர்மதி அக்கா. வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, பி.காம். படிப்பை வைத்துக்கொண்டு கட்டினார். ஒரு வரி நிரல் எழுதத் தெரியாது; பெட்டிகளை இழுத்து அடுக்கியே எல்லாம் செய்தார். நானோ காணொளி பார்த்துப் பார்த்து நாலு நிரல்மொழி கற்றவன், கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு எடுக்கப்பட்டவன். இணையத்தில் நான் இருக்கும் குழுக்களில் என்னைத்தான் சந்தேகம் கேட்பார்கள். அலுவலகத்தில் எல்லோரும் அக்காவைக் கேட்டார்கள்.

முகப்புப் பக்கத்தை இருவரும் ஆளுக்கொன்று செய்யுங்கள், ஆளுக்கு இரண்டு வாரம் ஓட்டிப் பார்ப்போம் என்று ஒருமுறை தாஸ் சார் சொன்னார். என் பக்கத்தில் கருப்புப் பின்னணி, நகரும் எழுத்து, பாரிஸ் நேரம் காட்டும் கடிகாரம், உச்சியில் கடற்கரைப் படம். அத்தனையும் நானே எழுதியது. அக்கா ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் மேசையிலும் அரைமணி நேரம் உட்கார்ந்தார். அவர்கள் எதையாவது தேடும்போது வாயால் என்ன சொல்கிறார்கள் என்று மட்டும் எழுதிக்கொண்டார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. லெயோனி மதாமை உங்களுக்குத் தெரியும், எங்கள் மூத்த மொழிபெயர்ப்பாளர். உயிரோடு இருப்பதற்கான சான்றை அவர் ஒருநாளும் உயிர்ச்சான்று என்று சொன்னதில்லை. "செர்த்திஃபிக்கா எங்க?" என்றுதான் கேட்பார். அக்காவின் பக்கத்தில் அந்தப் பொத்தானின் பெயரே அதுதான்: செர்த்திஃபிக்கா எங்க? அவருடைய இரண்டு வாரம் முடிந்து என் பக்கம் ஓடிய மூன்றாம் நாள் மதாம் என் தோளைத் தட்டினார்.

"பிரவீன், உன் பேஜு ரொம்ப அழகா இருக்குபா. பழைய பேஜ எங்க வெச்சிருக்க?"

அன்று மதியம் நான் சாப்பிடப் போகவில்லை. எதற்கு இப்படி மேசை மேசையாக உட்கார்ந்தீர்கள் என்று அக்காவிடம் கேட்டதற்கு, "எனக்கு எழுதத் தெரியாதுபா, அதனால கேட்டுக்கறேன்" என்றார். அதில் குத்தல் இருக்கிறதா என்று இரண்டு நாள் யோசித்தேன். இல்லை என்று தெரிந்தபோது இன்னும் எரிந்தது.

இன்னொன்று. கடைசித் தேதி நெருங்கினால் அந்த வரிசை சிவப்பாக மாறும்படி அவர் ஒரு விதி போட்டிருந்தார். எழுதும் வேலையே கிடையாது. இந்தத் தேதி வந்தால் இந்த நிறம் என்று பெட்டிகளில் தேர்ந்தெடுத்தால் போதும். காலையில் திறந்ததும் சிவப்பைப் பார்த்தால் தனக்கு பிரஷர் ஏறுகிறது என்று மதாம் குறைப்பட்டார். மறுநாள் சிவப்பு போய் இளமஞ்சள் வந்தது. பக்கத்தில் ஒரு வாக்கியமும் வந்தது: இன்னைக்கு இவங்களுக்கு ஒரு போன் போட்டுடலாம். அந்த நிறமாற்றத்தை நான் பத்து வரியில் எழுதிவிடுவேன். அந்த வாக்கியம் எனக்கு வந்திருக்காது.

நான் அவருடைய ரசிகன், அதையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக என்ன செய்திருக்கிறார் என்று பார்க்கவே சில நாள் அலுவலகத்துக்குச் சீக்கிரம் போவேன். அவர் பக்கங்களைப் படம் பிடித்து, உள்ளே இருந்த பெயர்களை மறைத்து, என் இணையக் குழுக்களில் போட்டேன். பாராட்டு குவிந்தது. யார் செய்தது என்று ஒருவர் கேட்டார். நான் பதில் போடவில்லை. அந்தக் குழுக்களில் இருப்பவர்கள் இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள், அவை வளர்மதி அக்கா செய்தவை.

இனி சொல்வதுதான் கஷ்டம். தளத்தின் நிர்வாகி நான். யார் எதை மாற்றலாம், யார் வெறுமனே படிக்கலாம் என்று தீர்மானிப்பது என் கையில் இருந்தது. ஒரு திங்கட்கிழமை அக்காவின் மாற்றும் உரிமையை எடுத்துவிட்டு, படிக்கும் உரிமையை மட்டும் விட்டு வைத்தேன். பாதுகாப்புக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் வந்து கேட்பார், நான் பெருந்தன்மையாகத் திருப்பிக் கொடுப்பேன் என்று காத்திருந்தேன். அவர் வரவில்லை. அன்று அவருக்குத் தளத்தில் எதையும் மாற்றத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் தேதி நெருங்கும்போது எங்கள் எல்லோருக்கும் போகும் நினைவூட்டல் மடல்கள் இருக்கின்றனவே, அவையும் அக்கா பெட்டி பெட்டியாக இழுத்துக் கோத்தவைதான். கோத்தவருடைய பெயரில், அவருடைய உரிமையில்தான் அவை ஓடும். நான் உரிமையை எடுத்த நிமிடமே அத்தனையும் நின்றுவிட்டன. நிரல் தெரிந்த நான் இதை யோசிக்கவே இல்லை. அடுத்த நாளே மடல் எதுவும் வரவில்லை என்று உறைத்தது அவருக்குத்தான். தேடிப் பார்த்தால், முதலியார்பேட்டையில் நடக்க முடியாத ஒரு பெரியவரின் உயிர்ச்சான்றுக்கு அன்றுதான் கடைசி நாள். அது போகாவிட்டால் அவருடைய ஓய்வூதியம் நின்றுவிடும். அக்கா என் மேசைக்கு வந்தார்.

"எனக்கு எடிட் போயிடுச்சு. நீ எடுத்தியா?"

"செக்யூரிட்டிக்காகக்கா."

"சரி. மெயிலெல்லாம் என் பேர்ல ஓடுதே, அது தெரியுமா ஒனக்கு?"

தெரியும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "தெரியாதுக்கா" என்று வந்தது.

"எனக்கும் இப்பதான் புரியுது. எல்லாத்தையும் ஒரே ஆள் பேர்ல வுட்டது என் தப்பு. நீ மொதல்ல தொறந்து வுடு. நான் போயி அவராண்ட கையெழுத்து வாங்கியாந்துடறேன்."

நான் உரிமையைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் மதாமின் மொபெட்டை வாங்கிக்கொண்டு போனார். தலையெல்லாம் கலைந்து, பிளாஸ்டிக் உறைக்குள் காகிதத்தோடு திரும்பினார். அலுவலகம் மூடுவதற்குள் அது ஸ்கேன் ஆகி பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தது. மடல் ஏன் நின்றது என்று தாஸ் சார் கேட்டார். "செட்டிங்ல ஒரு தப்பு சார், சரி பண்ணிட்டோம்" என்றார் அக்கா. பண்ணிட்டோம். அந்தச் சொல்லில் என்னையும் சேர்த்துக்கொண்டார். திட்டியிருந்தால் கணக்கு நேராகியிருக்கும் என்று எனக்குக் கோபம் வந்தது. அன்று வீட்டுக்குக் கிளம்பும்முன், அவர் கட்டிய எதிலிருந்து எந்த மடல் வந்தாலும் என் கண்ணில் படாமல் என் மின்னஞ்சலின் ஓரத்தில் ஒரு கோப்புறையில் போய் விழும்படி விதி போட்டேன். அந்தக் கோப்புறையைத் திறந்ததே இல்லை.

அக்காவின் காரியம் முடிந்த மறுநாள் தாஸ் சார் என்னைக் கூப்பிட்டார். அக்காவின் கணக்கை மூடப் போகிறார்கள், மூடினால் நினைவூட்டல்கள் மறுபடி நின்றுபோகும், அவற்றை உன் பெயருக்கு மாற்ற முடியுமா என்று கேட்டார். எல்லாவற்றிலும் என் பெயர் வர வேண்டும் என்று எத்தனை மாதம் ஏங்கியிருக்கிறேன். ஆனால் உரிமை உள்ளவர்தான் அவற்றுக்குள் நுழைய முடியும். இல்லாவிட்டால் ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கோக்க வேண்டும். ஒரு மாதம் ஆகும் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் நினைவூட்டல் திறந்தது. உரிமையாளர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. வளர்மதி. பிரவீன். அடுத்ததிலும் அதே. எல்லாவற்றிலும் அதே. அப்போதுதான் அந்த ஓரத்துக் கோப்புறையைத் திறந்தேன். வளர்மதி உங்களை இணை உரிமையாளராகச் சேர்த்திருக்கிறார் என்று வரிசையாக அறிவிப்புகள். எல்லாம் அந்த முதலியார்பேட்டை நாளில் சாயங்காலம் வந்தவை. ஒன்றில் மட்டும் கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "நான் லீவுன்னா நீ பாத்துக்க. நீ லீவுன்னா நான் பாத்துக்கறேன்."

தன் சாவியைப் பிடுங்கியவனுக்கு, மறுநாள் சாயங்காலமே எல்லாச் சாவியிலும் ஒரு நகல் போட்டுக் கொடுத்திருக்கிறார். சொல்லிக்காட்டவும் இல்லை. அவர் செய்த பக்கங்களைப் பார்த்துப் பட்ட பொறாமையெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமில்லை. பக்கங்களை நானும் என்றைக்காவது அப்படிச் செய்துவிடுவேன். இதை என்னால் செய்திருக்கவே முடியாது. இப்போது அவரிடம் போய் ஏன் என்று கேட்கவும் முடியாது. அன்று என் மேசையில் உட்கார்ந்து அழுதேன், மதாம் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

வேலை அரை நாளில் முடிந்தது. இப்போது மடல்கள் என் பெயரில் போகின்றன. அக்காவின் பெயரை எடுத்ததும் ஒவ்வொன்றிலும் இரண்டாவது இடம் காலியானது. வரவேற்பு மேசைக்குப் புதிதாக ரேவதி வந்திருக்கிறார். வந்த பத்து நாளில் விடுப்புப் பக்கத்தை அழகாக மாற்றி அடுக்கிவிட்டார், அதற்குள் எல்லோரும் அவரிடம்தான் போய்க் கேட்கிறார்கள். இன்று காலை அந்தக் காலியிடங்களில் ஒவ்வொன்றாக ரேவதியின் பெயரைச் சேர்த்தேன். ஒவ்வொன்றுக்கும் வயிறு எரிந்தது. எரிய எரியச் சேர்த்தேன். வளர்மதி அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, இப்படி இன்னொருவருக்குச் சாவியின் நகலைக் கொடுப்பதை மட்டும்தான்.