தலை வெட்டிய விளமீன்

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழைகளும் இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்குப் பேசவும் வராது. பேச வேண்டிய இடத்தில் பேசாமல் நின்றதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் மீன் வெட்டுகிற கடையில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், அரிசி முதல் செருப்பு வரை விற்கிற பெரிய கடை. மீன் பகுதியின் சுவரில் ஒருவர் தூண்டில் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு சிரிக்கிறார். 'கடலைக் காக்கும் மீன். இவர் தூண்டிலில் பிடித்தது' என்று கீழே பச்சை எழுத்து. கடை திறந்ததும் ஈரத் துணியால் அந்தப் படத்தைத் துடைப்பது என் வேலை.

அவரைத் தூண்டில்கார அண்ணாச்சி என்போம். கடற்கரை ஊர்க்காரர். சொந்த வள்ளத்தில் போய் மீன் பிடித்து, வாரத்தில் மூன்று நாள் ஐஸ் பெட்டியோடு டெம்போவில் வந்து இறங்குவார். முதல் நாளே ஒரு விளமீனின் வாயைத் திறந்து, தூண்டில் முள் கிழித்த உதட்டை எனக்குக் காட்டினார். "இதுதான்வே எங்க கையெழுத்து. வலையில வாற மீனுக்கு இது இருக்காது" என்றார். அவர் போனபின் நான் ஒவ்வொரு மீனின் வாயையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் 'தூண்டில் மீன்' என்ற பச்சை ஸ்டிக்கரை ஒட்டினேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

ஐப்பசியில் தொடங்கிய முதல் வருடம் உண்மையாகவே நன்றாக இருந்தது. கரையில் ஏலத்தில் கிடைப்பதைவிடக் கடை கூடுதல் விலை கொடுத்தது. குஞ்சு மீன் மாட்டினால் முள்ளைக் கழற்றிக் கடலிலேயே விட்டுவிடுவதாக அண்ணாச்சி சொன்னார். "முந்தி விடுததுக்கு மனசு வராது. இப்பம் பெருசுக்கே நல்ல வெல கெடைக்குல்லா? அது வளந்து வரட்டுமே."

அடுத்த ஆனி பிறந்ததும் மேற்கேயிருந்து காற்று வந்தது. எங்களுக்கு அது சாரல். அருவியில் தண்ணீர், ஊர் கொள்ளாத கூட்டம். கடற்கரையில் அதே காற்று கச்சான். அதில் சின்ன வள்ளங்கள் கடலில் நிற்க முடியாது. "ஒங்களுக்குச் சாரல் விழுந்தா எங்க வள்ளம் கரையில கெடக்கும்" என்று அண்ணாச்சி முன்பே சொல்லியிருந்தார். கடையில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் மீன் வருவது நின்ற அந்த வாரத்தில்தான் குற்றாலத்து விடுதிகள் எல்லாம் பச்சை ஸ்டிக்கர் மீன் கேட்டன. அதே சமயம் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலில் இறங்கியிருந்தன. லாரியில் மீன் வந்தது. இழுவை வலையில் வாரியது. கண் பிதுங்கி, வயிறு நசுங்கி, சிலது என் உள்ளங்கை அளவுகூட இல்லை.

மேலாளர் கெட்டவர் அல்ல. மேலே பதில் சொல்ல வேண்டியவர். "இதுக்கும் ஸ்டிக்கர ஒட்டிருங்க. தலைய மட்டும் எடுத்துருங்க" என்றார். உதட்டில் கிழிசல் இல்லாததை யாரும் பார்த்துவிடக் கூடாது. அந்த அடையாளம் அவருக்குத் தெரிந்ததே நான் பேச்சுவாக்கில் சொல்லித்தான். தலைகளை வெட்டினேன். ஸ்டிக்கரையும் ஒட்டினேன்.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலையில்லாத அண்ணாச்சி குடும்பத்தோடு அருவியில் குளிக்க வந்தார். தலை ஈரம் காயுமுன் என்னைப் பார்க்கக் கடைக்குள் வந்தார். மீன் வாங்க நின்ற ஒரு டீச்சரம்மா படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்கதானா அது? ஒங்க மீனுன்னாதான் நான் வாங்குதது. வெல கூடன்னாலும் கடலுக்கு நல்லதுல்லா. இது நீங்க பிடிச்சதுதான?"

அண்ணாச்சி ஐஸில் வரிசையாகக் கிடந்த தலையில்லாத மீன்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வெட்டுதவருகிட்ட கேளுங்கம்மா. அவருக்குத் தெரியும்."

டீச்சரம்மா என் பக்கம் திரும்பினார். மேலாளர் எனக்குப் பின்னால் நின்றார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அந்தம்மா ஒரு கிலோ வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனார்.

"மீனுக்குத்தான் தல இல்லன்னு நெனச்சேன்வே" என்றார் அண்ணாச்சி.

காற்று அடங்கியதும் மறுபடி மீன் கொண்டுவந்தார். லாரி மீனுக்கும் அதே ஸ்டிக்கர்தானே, அதற்குக் கொடுக்கிற விலைதான் தர முடியும் என்றார் மேலாளர். அண்ணாச்சி பெட்டியைத் திரும்ப டெம்போவில் ஏற்றினார். அதுதான் கடைசி. இப்போது வள்ளத்தை விற்றுவிட்டு விசைப்படகில் கூலிக்குப் போகிறார். ஒருமுறை தைரியத்தைக் கூட்டிப் போன் செய்தேன்.

"இப்பமும் ஒங்க கடைக்குத்தான்வே மீன் பிடிக்கேன். படம் இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி." பிறகு கேட்கக் கூடாததைக் கேட்டேன். "குஞ்ச இப்பமும் விட்ருதீங்களா?"

"வலையில வாறது செத்துல்லா வருது. எங்கன போய் விட?"

பெரிய கடை நல்ல மீன் விற்றால் கடலுக்கு நல்லதா என்று கேட்டால், இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த முதல் வருடத்தைப் பார்த்தவன் நான். ஆனால் காற்றுக் காலத்தில் 'இன்று மீன் இல்லை' என்று ஒரு பலகை வைக்கக் கடைக்கு மனம் வர வேண்டும். வெறும் ஐஸை வாடிக்கையாளருக்குக் காட்ட அவர்களுக்கு வெட்கம். கடையை மட்டும் சொல்லி என்ன? எனக்கும் 'இல்லை' என்ற ஒரு சொல் வாயில் வரவில்லை. டீச்சரம்மா கூடுதலாகக் கொடுத்தது கடலுக்காக. அது கடலுக்குப் போய்ச் சேராமல் போனதில் என் தலையாட்டலுக்கும் பங்கு உண்டு.

இன்று காலையும் படத்தைத் துடைத்தேன். துடைத்துத் துடைத்துப் பச்சை எழுத்து தேய்ந்துவிட்டது. சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. வெளியே சாரல். தடைக்காலம் முடிந்து படகுகள் இன்று கடலுக்குப் போயிருக்கும், அண்ணாச்சியும் போயிருப்பார். ஓரிரு நாளில் லாரி வரும். தலையை வெட்ட மாட்டேன் என்று மேலாளரிடம் சொல்ல வேண்டும். வாய் திறப்பேனா என்று தெரியவில்லை. அதனால்தான் முதலில் எழுதிவைக்கிறேன்.

ஆனி மாதம் முதல் தேதி.