எண்ணெய் மேல் போட்ட பழி

கலைமதியை ஏமாற்றுவது சுலபமில்லை என்று எங்கள் கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். திண்டிவனம் மார்க்கெட்டில் பூக்காரி முழம் போடும்போது இவளும் கூடவே கையை நீட்டி அளப்பாள். மூன்று வருடம் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் நான். அப்படிப்பட்டவளையே ஒருவர் ஏழு மாதம் ஏமாற்றினார் என்று நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

உளவியல் படித்து முடித்ததும் அவளுக்கு ஒரு பல்கலைக்கழகத்தின் மூளை ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி உதவியாளர் வேலை கிடைத்தது. விடியுமுன் எழுந்து வயலுக்குப் போகிற பெண்களுக்குத் தூக்கம் குறைவதால் கவனம் எப்படி மாறுகிறது என்று பார்க்கும் ஆய்வு. தலையில் துணித் தொப்பி ஒன்றை மாட்டுவார்கள், அதில் முப்பத்திரண்டு ஒயர். மூளையில் ஓடும் அலை கம்ப்யூட்டரில் கோடு கோடாக வரும். திண்டிவனத்தில் ஒரு மாடி அறையைப் பிடித்து, ஊர் ஊராகப் போய்ப் பேசி, பெண்களைக் கூட்டி வந்து உட்கார வைப்பது முழுக்க இவள் பாடு. பேராசிரியர் சீனுவாசன் பதிவுகளைத் தன் இடத்தில் இருந்தே படித்துப் பார்ப்பார், மாதம் ஒருமுறை காரில் வந்து டீ குடித்துவிட்டுப் போவார்.

முதல் இரண்டு மாதம் கோடுகளெல்லாம் கிறுக்கலாக வந்தன. எங்கள் பக்கத்துப் பெண்கள் தலையில் எண்ணெய் வைக்காமல் வாசல் தாண்ட மாட்டார்கள், எண்ணெய்த் தலையில் ஒயர் பிடிக்காது. சீனுவாசனுக்கு இது தோன்றவே இல்லை. மெஷினை மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். கலைமதிதான் தலை முழுகுகிற செவ்வாய், வெள்ளியில் மட்டும் வரச் சொல்லி, முந்தின நாளே ஆளுக்கொரு ஷாம்பு பாக்கெட்டும் கொடுத்தாள். கோடு தெளிந்தது.

ஒப்புதல் படிவம் ஏழு பக்கம். அதை ஊர்ப் பேச்சில் சொல்லிப் புரிய வைப்பாள். ஒரு வரியை மட்டும் இரண்டு தடவை சொல்வாள்.

“டெஸ்ட்ல ஏதாச்சும் கோளாறு தெரிஞ்சா நாங்களே கூப்ட்டு சொல்லிடுவோம்க்கா. பயப்படாதீங்க.”

பாதிப் பேர் அந்த வரிக்காகத்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

கலைமதியின் சொந்த ஊரான பெருமுக்கல்லில் அவளுக்கு எதிர்வீடு தையல்நாயகி. ஒன்றரை ஏக்கரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர், முப்பத்தாறு வயது. “எனக்கு இன்னாத்துக்குடி இதெல்லாம்?” என்றவரைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப் போனாள். ஒரே வாரத்தில் அவருடைய பெயர் ஆய்விலிருந்து நீக்கப்பட்டவர்கள் பட்டியலில் இருந்தது. கலைமதி பேராசிரியருக்குப் போன் செய்தாள்.

“தலையில எண்ணெய்ம்மா. சிக்னல் வீணாப் போச்சு. வேற ஆளப் பாரு.”

“இன்னொரு தடவ கூட்டிக்கினு வரட்டுங்களா சார்?”

“வேணாம்.”

அன்று சாயந்திரம் தெருவில் வைத்தே கிண்டல் செய்தாள். “இன்னாக்கா, ஷாம்பு பாக்கெட்ட உன் வூட்டுக்காரருக்குக் குடுத்துட்டியா? ஒரே எண்ணெயாம்.”

“ரெண்டு தபா தேய்ச்சிக் குளிச்சேன்டி,” என்றார் தையல்நாயகி. “உன் மெஷினுதான் பொய் சொல்லுது.”

இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

ஏழு மாதம் கழித்து, சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது தையல்நாயகிக்கு வலிப்பு வந்தது. கொதிக்கிற கஞ்சி வலது கையிலும் மார்பிலும் கொட்டிவிட்டது. விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கலைமதிதான் கூடப் போனாள். அங்கேயும் தலையில் ஒயர் மாட்டிப் பார்த்தார்கள்.

“இது புதுசா வந்ததில்லம்மா,” என்றார் டாக்டர். “முன்னாடியே ஒரு தடவ இந்த டெஸ்ட் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும். மாத்திரையிலயே அடக்கியிருக்கலாம்.”

கலைமதி நேராகத் திண்டிவனம் பஸ் ஏறி, மாடி அறைக்குப் போய், தையல்நாயகியின் பழைய பதிவைத் திறந்தாள். திறக்க அவளுக்குத் தடை எதுவும் இருந்ததில்லை. சார் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினதால் திறக்கவில்லை, அவ்வளவுதான். கோடுகள் பளிச்சென்று இருந்தன. எண்ணெய்க் கிறுக்கல் துளி இல்லை. ஓரத்தில் சீனுவாசனின் குறிப்பு: ‘வலிப்பு அலை. நீக்கவும். களத்தில் சொல்ல வேண்டாம்.’ தேதி, அவள் போன் செய்ததற்கு முந்தின நாள்.

மறுநாள் அவர் அறையில் போய் நின்றாள். அவர் மறுக்கவில்லை.

“வலிப்புக்காரங்க வந்திருக்காங்கன்னு வெளிய சொன்னா நன்னெறிக் கமிட்டி ஸ்டடியையே நிறுத்திடும் கலைமதி. நூறு பேரோட டேட்டா போயிடும். நீ ஊர்க்காரி, உங்கிட்ட சொன்னா நிக்காது.”

இவள் இல்லையென்றால் இந்த ஆய்வே இல்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்ன வாய் அது. அவளை நம்பி வந்தவர்களிடம் பொய் சொல்ல அவள் வாயையே வாடகைக்கு எடுத்திருக்கிறார். அதுதான் அவளை அறுத்தது. நன்னெறிக் கமிட்டிக்கு அன்றே எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு வேலையை விட்டாள். விசாரணை நடக்கிறது என்கிறார்கள், நடக்கட்டும்.

வேலையை விட்டுப் போவதற்கு முன் நீக்கப்பட்ட பதினொரு பேரின் பதிவையும் திறந்து பார்த்தாள். இன்னும் இரண்டு பேருக்கு அதே குறிப்பு இருந்தது. இரண்டு வீட்டுக்கும் போய்ச் சொன்னாள். பக்கத்து ஊரான பிரம்மதேசத்தில் ஒருத்தியின் புருஷன், “இத்தினி நாளு இன்னா பண்ணிக்கினு இருந்த?” என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்தினான். மறுநாள் மனைவியை டாக்டரிடம் கூட்டிப் போனானாம்.

தையல்நாயகியிடம் கடைசியாகத்தான் போனாள். தனியாகப் போகத் தெம்பில்லாமல் என்னையும் அழைத்துக்கொண்டாள். கட்டில் ஓரம் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். தையல்நாயகி கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டார்.

“எனக்குத் தெரியாதுக்கா, சத்தியமா.”

“உனக்குத் தெரியாதுன்னுதான் நானும் நெனைக்கிறேன்,” என்றார். குரலில் கோபமே இல்லை. “அந்த ஆளு மூஞ்சகூட நான் பாத்ததில்ல. உன் மூஞ்சப் பாத்துதான் வந்தேன். இனிமே நீ ஒண்ணு சொன்னா, அது நீயா சொல்றியா, எவனாச்சும் சொல்ல வெச்சி சொல்றியான்னு எனக்கு எப்பிடிடி தெரியும்?”