அரை மணி நேரம் ஊறிய பட்டை

முதலில் தலையை உள்ளே விட்டுவிடுவார். யாராவது பழைய முதுகுப்பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தால் போதும், பை அக்கா மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, பையின் வாயை அகலத் திறந்து, காது மறையும் வரை உள்ளே போய்விடுவார். உள்ளேயிருந்து ஒரு நீண்ட மூச்சு கேட்கும். விற்க வந்தவர் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

“கட்டிலுக்கு அடியில வெச்சிருந்தீங்களா?”

“ஆமா. எப்படித் தெரியும்?”

“ரெண்டு மழைக்காலமா?”

“மூணு.”

“உள்பூச்சு உரிய ஆரம்பிச்சிருச்சு. தொட்டுப் பாருங்க, பிசுபிசுன்னு ஒட்டும். இதை இனிமே காய்கறி வாங்க எடுத்துட்டுப் போங்க. மலைக்கு வேணாம்.”

கடை ரயில் பெட்டியைப் போல நீளம், அகலம் மட்டும் கஞ்சத்தனம். இரண்டு பக்கமும் இரும்புக் குழாய்களில் பைகள் தோள்வாரால் தொங்கும். மலை ஏறி இறங்கிய பைகளும், ஏறப்போகிறேன் என்று வாங்கி அலமாரியை விட்டு அசையாத பைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டாவது வகைதான் அதிகம். “ஆசைப்பட்டு வாங்குறாங்க, அலுத்துப்போய் விக்கிறாங்க. நடுவுல நாம பொழைக்கிறோம்” என்பார் அக்கா. அவர் மலை ஏறியவர் இல்லை. நாற்காலி மேல் ஏறினாலே தலை சுற்றும். மேல் வரிசையில் தொங்கும் பையை அக்காவின் வீட்டுக்காரர்தான் எடுத்துத் தர வேண்டும். அறுந்த ஜிப்பையும் பிரிந்த தையலையும் சரிசெய்வதும் வீட்டுக்காரர் வேலைதான். வாசலோரம் தையல் இயந்திரத்தின் பின்னால் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு வார்த்தை கொடுத்துக்கொண்டிருப்பார்.

பை வாங்க வருகிறவர்கள் நிறத்தைத்தான் முதலில் கேட்பார்கள். அக்கா பதில் சொல்வதில்லை. ஆளைத் திருப்பி நிறுத்தி, கழுத்து எலும்பிலிருந்து இடுப்பு எலும்பு வரை சாணால் அளப்பார். பிறகு ஒரு பையை இறக்கி, அதில் பன்னிரண்டு தண்ணீர் பாட்டில்களை நிரப்பி முதுகில் மாட்டிவிடுவார். “மருந்துக்கடை வரைக்கும் நடந்துட்டு வாங்க. பாரம் இடுப்புலதான் இறங்கணும். தோள் வலிச்சா வேற பை, இடுப்பு வலிச்சா அதுதான் உங்க பை.” தெருவுக்கு இது பழக்கமாகிவிட்டது. முழுக்கைச் சட்டை போட்ட அதிகாரி ஒருவர் முதுகில் மூட்டையோடு மருந்துக்கடை வரை போய்த் திரும்புவதை யாரும் நின்று பார்ப்பதில்லை. மருந்துக்கடைக்காரர் மட்டும், “தலைவலி மாத்திரையா, பையா?” என்று கேட்பார்.

கடையின் பின்பகுதிக்குப் போனால் அக்கா வேறு ஆள். அங்கே ஒரு நீள மேசை, மேலே வெள்ளைத் துணி. பாறை ஏறுகிறவர்கள் இடுப்பில் கட்டும் பட்டைகள், உலோகக் கொக்கிகள், தலைக்கவசங்கள் எல்லாம் அதன் மேல்தான். முன்பகுதியில் வாய் ஓயாதவர், இங்கே வந்தால் சிரிக்க மாட்டார். “பை கிழிஞ்சா சாமான் விழும். பட்டை கிழிஞ்சா ஆள் விழுவான்.” பட்டையின் உள்ளே தைத்திருக்கும் சிறு சீட்டில் எந்த ஆண்டு செய்தது என்று பார்ப்பார். பத்து ஆண்டு தாண்டியிருந்தால் அப்போதே கத்தரிக்கோல். பழைய கயிற்றைக் கயிறாக விற்பதே கிடையாது. அது எந்தப் பாறையில் உரசியது, யாரைத் தாங்கியது என்று கயிற்றுக்கு மட்டுமே தெரியும் என்று சொல்லி, மூட்டை கட்டுவதற்குத் துண்டு போட்டுவிடுவார்.

போன ஆண்டு ஒருவர் பளிச்சென்ற பட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். அக்கா மோந்து பார்த்தார்.

“பிளீச்சிங் பவுடர் போட்டீங்களா?”

“அழுக்கா இருந்துச்சேன்னு கொஞ்சம்தான்…”

“வெள்ளையடிக்கிறதா இருந்தா வீட்டுக்கு அடிக்கணும், பட்டைக்கு இல்ல. இழை உள்ளுக்குள்ளயே செத்துப்போயிருக்கும், வெளிய ஒண்ணும் தெரியாது. இதைக் கட்டிக்கிட்டு உங்க பிள்ளைய ஏத்துவீங்களா?” கடையில் அப்போது நாலு பேர் இருந்தார்கள். அவர் முகம் சுருங்கியதை நாலு பேரும் பார்த்தார்கள். அக்கா அதையும் கத்தரித்தார். அந்தக் கதையை அதற்குப் பிறகு வாடிக்கையாளர்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார், அந்த மனிதரின் குரலில் “கொஞ்சம்தான்” என்று இழுத்துக் காட்டி.

தபால்காரர் பட்டை கேட்டு வந்தது ஒரு திங்கட்கிழமை. அந்த வட்டாரத்துக்கு அவர்தான் தபால் கொடுப்பவர். தினமும் பதினோரு மணி வாக்கில் சைக்கிளில் அந்தத் தெரு வழியாகப் போவார். அவருடைய மகள் கல்லூரியில் பாறை ஏறும் குழுவில் சேர்ந்திருந்தாள். சனிக்கிழமை முதல் தடவையாக உண்மையான பாறைக்கு அழைத்துப் போகிறார்கள். சொந்தப் பட்டை வேண்டும்.

அக்கா ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இரண்டு ஆண்டுப் பட்டை, தையலில் ஒரு நூல் எழும்பவில்லை. இடுப்புப் பகுதியில் மட்டும் பூஞ்சை பிடித்துக் கரும்புள்ளிகள்.

தபால்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு அக்கா. மத்த பிள்ளைங்க எல்லாம் புதுசு கட்டிட்டு வருவாங்க. எங்க பாப்பா வாய் விட்டுச் சொல்ல மாட்டா. கறையைப் பார்த்தா மூஞ்சி சுருங்கிடும்.”

“நாளைக்கு வாங்க தம்பி. நான் பார்த்துக்கறேன்.”

பின்கட்டில் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்து, பூஞ்சை பிடித்த நாலைந்து பைகளை அன்று ஊறப் போட்டிருந்தார். பைகளுக்கு அது பெரிய பாவமில்லை. அக்கா பட்டையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். புள்ளி போகவில்லை. பழைய பல்துலக்கியால் தேய்த்தார். போகவில்லை. அந்தப் பெண்ணை அவர் பார்த்ததுகூட இல்லை. ஆனால் பத்துப் புதுப் பட்டைகளுக்கு நடுவே இடுப்பைக் கையால் மறைத்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண் கண்ணில் நின்றாள். கொஞ்ச நேரம்தானே என்று பட்டையைத் தொட்டிக்குள் விட்டார். அரை மணி நேரத்துக்கு மேல் இருக்காது. தெரியாமல் செய்யவில்லை. கை நீருக்குள் போகும்போது ஒரு கணம் நின்று, பிறகுதான் போனது.

மறுநாள் தபால்காரர் பட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “அடேயப்பா. கடையில பிரிச்ச மாதிரி இருக்கே அக்கா.”

அந்தப் பாராட்டு அக்காவுக்கு இனித்தது. அது மட்டுமா, யார் எதை வாங்கினாலும் சொல்லும் வாக்கியத்தையும் சொன்னார்: “நான் பார்த்துட்டேன். தைரியமா எடுத்துட்டுப் போங்க.”

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் தொட்டியிலிருந்து எடுத்துக் காயவைத்த பை ஒன்றின் தோள்வாரை இழுத்துப் பார்த்தார். தையல் சரசரவென்று பிரிந்து வார் கையோடு வந்தது.

“என்னம்மா இது, நனைஞ்ச காகிதம் மாதிரி வருது. எவ்வளவு பவுடர் போட்ட? நல்லவேளை, இதுல இடுப்புப் பட்டை எதையும் போடல.”

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். “ம்” என்றார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவரிடம் சொன்ன பொய்களில் இதுதான் சின்னது. மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தார்.

புதன்கிழமை காலை தனக்குத்தானே வழக்காடினார். அந்தப் பை ராத்திரி முழுக்க ஊறியது. பட்டை அரை மணி நேரம். அந்தப் பை பழசு. பட்டை புதுசு. ஒன்றும் ஆகாது. ஆகாது என்று யார் சொன்னது? பதினோரு மணிக்குச் சைக்கிள் மணி கேட்டது. கூப்பிட வேண்டும் என்று எழுந்தவர், மேசை மேல் இருந்த பைக்குள் தலையை விட்டுக்கொண்டார். உள்ளே யாரோ ஒருவரின் பழைய வியர்வை வாடை. மணிச் சத்தம் மருந்துக்கடையைத் தாண்டும் வரை வெளியே வரவில்லை.

“அப்படி என்ன வாசனை அதுல? குடித்தனமே போயிட்ட” என்றார் வீட்டுக்காரர்.

மத்தியானம் உதிரிப் பட்டை ஒன்றைத் தேடி எடுத்து, அதே கரைசலில் அரை மணி ஊறவைத்து, உலர்த்தி, உத்தரக் கொக்கியில் கட்டிப் பன்னிரண்டு பாட்டிலையும் தொங்கவிட்டார். அறவில்லை.

“பாட்டிலு என்ன தப்பு பண்ணுச்சு, தூக்குல போட்டிருக்க?”

“சும்மா.”

தாங்குகிறதே என்று கொஞ்ச நேரம் நெஞ்சு லேசானது. அப்புறம் பாட்டில்கள் மெதுவாகச் சுழல்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, இவை தொங்குகின்றன, விழவில்லை என்று தோன்றியது. பட்டைக்குத் தேர்வு ஆள் தொங்கும்போது இல்லை, விழும்போதுதான். வாடிக்கையாளர்களிடம் அவரே சொல்கிற பாடம்.

வியாழக்கிழமையும் மணி கேட்டது. அக்கா வாசலுக்கே வந்துவிட்டார். தபால்காரர் கை தூக்கினார். அக்காவும் கை தூக்கினார். அந்த உயர்த்திய கை “நில்லுங்க” என்று சொல்லியிருக்கலாம். வணக்கம் மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கியது. சொன்னால் பட்டை போகும், பரவாயில்லை. “பை அக்கா பார்த்துக் கொடுத்தா கண்ணை மூடிட்டு வாங்கலாம்” என்ற பேச்சும் சேர்ந்து போகும். அந்தப் பேச்சு இல்லாமல் கடையில் நிற்கும் தன்னை அக்காவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒரு பெண் பாறையில் தொங்கப்போகிறாள், நான் என் பேரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று உறைத்தபோது உடம்பு கூசியது. அதற்குள் சைக்கிள் தெருமுனை திரும்பிவிட்டது.

வெள்ளிக்கிழமை தபால்காரரே சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். மின்வாரியக் கடிதம் ஒன்று.

“நாளைக்கு விடிஞ்சதும் கெளம்புறா அக்கா. நேத்து வீட்டுக்குள்ளயே கட்டிக்கிட்டு சுத்தி சுத்தி வந்தா. அவங்க அம்மா, அதோடயே படுத்துக்கோடின்னு சொல்லுது. உங்க பேரைச் சொன்னேன், அந்தக் குழுவுல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு.”

அக்கா கடிதத்தை வாங்கவில்லை.

“தம்பி, அந்தப் பட்டைய அவ கட்டக் கூடாது.”

தையல் இயந்திரம் நின்றது.

“கறை போகலைன்னு பிளீச்சிங் பவுடர்ல போட்டேன். போடக் கூடாது. எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் போட்டேன். தாங்கலாம், தாங்காமலும் போகலாம். எனக்குச் சொல்லத் தெரியல. கொண்டு வந்துடுங்க.”

தபால்காரர் கடிதத்தை மேசையில் வைத்தார். கோபப்பட்டிருந்தால் அக்காவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கணக்குப் போடுகிறவரைப் போல வாசலைப் பார்த்தார்.

“உங்களுக்கு எப்போ தெரியும்?”

“போடும்போதே தெரியும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கூட ஊறின பை ஒண்ணு அறுந்தப்போ பயமே வந்துடுச்சு.”

“நேத்து நான் இந்த வழியாத்தானே போனேன்.”

“ஆமா.”

“முந்தாநேத்தும்.”

“ஆமா தம்பி. மணிச் சத்தம் கேட்டுச்சு.”

“நேத்து கை காட்டினீங்களே.”

அக்கா அந்தக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். வீட்டுக்காரர் தலை குனிந்து ஊசியில் நூல் கோக்கப் பார்த்தார். நூல் ஏற்கெனவே கோத்திருந்தது.

ஒரு மணி நேரத்தில் தபால்காரர் திரும்பி வந்தார். பட்டையைச் செய்தித்தாளில் சுற்றியிருந்தார். அக்கா இரண்டு கையாலும் வாங்கினார்.

“பாப்பாகிட்ட என்ன சொல்லட்டும்?”

“பை அக்கா தெரிஞ்சே கெடுத்துட்டாங்கன்னு சொல்லுங்க. குழுவுலயும் சொல்லச் சொல்லுங்க.”

“நாளைக்கு அவ போகணும். பட்டை இல்லாம விட மாட்டாங்க.”

அக்கா பின்பகுதிக்கு நடந்தார். வெள்ளைத் துணி மேல் இருந்த பட்டைகளில் மூன்றைப் பிரித்து வைத்தார். பழக்கத்தில் நடுவில் இருந்ததைத் தூக்கி, “இது வந்து…” என்று ஆரம்பித்தார்.

“இல்ல, இருக்கட்டும். நீங்க எடுத்துத் தர வேணாம்” என்றார் தபால்காரர். சத்தமில்லாத குரல். “எங்கெங்க பார்க்கணும்னு மட்டும் சொல்லுங்க. நானே பார்க்கிறேன்.”

அக்கா பட்டையைக் கீழே வைத்தார். “நடு வளையத்துல தையல். கால் வளையம் சேருற எடம். உள்ள ஒரு சீட்டு இருக்கும், வருஷம் போட்டிருக்கும். மோந்தும் பாருங்க.”

தபால்காரர் தபால் பையைக் கழற்றி வைத்துவிட்டு மேசையில் குனிந்தார். தினமும் முகவரி படிக்கும் கண், ஒவ்வொரு தையலையும் விரலால் தொட்டு, நகர்ந்து, மறுபடி தொட்டது. அந்த மூலையில் வெளிச்சம் போதவில்லை. கண்ணைச் சுருக்கினார்.

அக்கா செல்போன் விளக்கைப் போட்டு, அவர் விரல் போகும் இடத்துக்கெல்லாம் பிடித்தார். முதல் பட்டை முடிந்து இரண்டாவது, பிறகு மறுபடி முதலாவது. முன்பகுதியில் யாரோ, “அக்கா, பை பார்க்கணும்” என்று இரண்டு முறை கூப்பிட்டார்கள். அக்கா திரும்பவில்லை. விளக்குப் பிடித்த கை அசந்து தாழத் தொடங்கியதும், இன்னொரு கையால் அதன் முழங்கையைத் தாங்கிக்கொண்டார்.